எழுந்து போக முடியாத இடங்கள்

திருநகரிலிருந்து பெரியார் பேருந்து நிலையம் வரை வழியில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். முதலில் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே சாவி காசு வாங்குகிறவரிடம் இருக்கும். கேட்டு வாங்க வேண்டும், அவர் ஒரு மாதிரி பார்ப்பார். அப்புறம் திருப்பரங்குன்றம் ரயில் நிலையம். இடம் சுத்தம்தான், ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி வேகமாக நடக்க வேண்டும், வேகமாக நடப்பதுதான் அந்த நேரத்தில் ஆகாத காரியம். அதைத் தாண்டினால் இரண்டு கல்யாண மண்டபங்கள். முகூர்த்த நாளில் மட்டும் உதவும். பெண் வீட்டுக்காரர் மாதிரி விறுவிறுவென்று உள்ளே போனால் யாரும் தடுக்க மாட்டார்கள். பழங்காநத்தத்தில் ஒரு ஹோட்டல். அங்கே மரியாதைக்கு ஒரு காபியாவது குடித்தாக வேண்டும். காபி குடித்தால் மறுபடியும் வரும்.

இவ்வளவும் ஒரே வருஷத்தில் நான் படித்த பாடம். என் பெயர் ஜெயராஜ். மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். வயது நாற்பத்தாறு. இப்போது ஓரளவு நன்றாக இருக்கிறேன். இதை எழுதச் சொன்னவன் முருகேசன், எங்கள் பள்ளியின் இயற்பியல் வாத்தியார், என் சிநேகிதன். "நீ பட்டதை அப்படியே எழுது மாப்ள. படிக்கிறவய்ங்கள்ல பாதிப் பேரு வெளிய சொல்லாம வச்சிருப்பாய்ங்க" என்றான். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இதுவே நெஞ்சுவலியாக இருந்தால் எவ்வளவு கம்பீரமாக எழுதலாம். வயிறு என்றாலே கேட்கிறவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது.

போன வருஷம் மார்ச்சில் ஆரம்பித்தது. பொதுத்தேர்வில் எந்த வாத்தியாருக்கு எந்த ஊரில் மேற்பார்வை என்பதைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். சொந்தப் பள்ளியில் நிற்க முடியாது. காலை பத்து மணிக்கு வினாத்தாள் உறையைப் பிரித்தால் ஒன்றே கால் வரைக்கும் அந்த அறையிலிருக்கும் இருபது பிள்ளைகளுக்கும் நான்தான் பொறுப்பு. போன் கூடாது, புத்தகம் கூடாது, வாசலைத் தாண்டக் கூடாது. ரொம்ப அவசரம் என்றால் வராந்தாவில் நடந்துகொண்டிருக்கும் மாற்று ஆசிரியரைக் கூப்பிட்டு அறையில் நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். இருபது வருஷமாக இந்த வேலையைப் பார்க்கிறேன். அதுவரை ஒரு நாளும் யாரையும் கூப்பிட்டதில்லை.

அன்றைக்கு வேதியியல் தேர்வு. பதினொரு மணிவாக்கில் வயிற்றில் ஒரு முறுக்கு. மாற்று ஆசிரியரைக் கூப்பிட்டேன், போய்விட்டு வந்தேன். இருபது நிமிஷத்தில் மறுபடியும். மறுபடியும் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை வராந்தாவில் அவரைக் காணோம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, முதுகெல்லாம் வியர்க்க, பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எட்டு நிமிஷம் நின்றேன். அவர் வந்துவிட்டார், நான் ஓடிவிட்டேன். விபரீதமாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் விடைத்தாள் கட்டை ஒப்படைக்கும்போது தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளர், "என்ன சார், நேத்து பிரியாணி பலமோ" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். வரிசையில் நின்ற வாத்தியார்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் சாப்பிடாமல் போனேன். வெறும் வயிற்றில் என்ன இருக்கிறது வெளியே வர என்று என் கணக்கு. கணக்கு வாத்தியாரின் கணக்கு தப்பாகப் போனது. அன்றைக்கும் வந்தது.

அதற்குப் பிறகு தேர்வு முடிந்தும் அது முடியவில்லை. பஸ்ஸில் ஏறினால் வந்தது. சிக்னலில் பஸ் நின்றால் நிச்சயமாக வந்தது. சலூனில் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டியதும் வந்தது, பாதி வெட்டிய தலையோடு எழுந்து ஓடியிருக்கிறேன். பேங்கில் டோக்கன் வாங்கினால், கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார வைத்தால், கோயிலில் (சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பிரசங்கம் ஆரம்பித்தால் வந்தது. வீட்டில், லீவு நாளில், கைலியைக் கட்டிக்கொண்டு பேப்பர் படிக்கும்போது வரவே வராது. இந்த வித்தியாசம் என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. பிள்ளைகளுக்கு வரைபடத்தில் கோடு எங்கே வளைகிறது என்று சொல்லித் தருகிறவனுக்கு அது தெரியவில்லை.

என் மனைவி கிரேஸ், மிஷன் விடுதி அலுவலகத்தில் கிளார்க். தினம் காலையில் ஏழு மணிக்கு ஒரு தட்டில் இரண்டு இட்லி வைத்து, ஓரமாகச் சட்னி ஊற்றி, என் முன்னால் வைப்பாள். "வேணாம் கிரேஸ்" என்பேன். "ஒண்ணாச்சும்" என்பாள். "பஸ்ல போகணும்" என்பேன். அந்த இட்லியைத் தன் டிபன் பாக்ஸில் எடுத்து வைத்துக்கொள்வாள். மத்தியானமும் நான் பள்ளியில் சாப்பிடுவதில்லை, ஐந்தாவது பீரியட் வகுப்பு இருக்கிறதே என்ற பயம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் சோறு. இப்படி ஏழெட்டு மாசம். ஒன்பது கிலோ குறைந்தேன். பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை.

தெரு முனை டாக்டர் வாயு என்றார். இன்னொருவர் அமீபா என்று மருந்து கொடுத்தார். முருகேசன் மாதுளைத் தோலைக் காயவைத்து இடித்துக் கொண்டுவந்தான். பக்கத்து வீட்டில் வெந்தயம் சொன்னார்கள், எதிர்வீட்டில் வெந்தயம் கூடவே கூடாது என்றார்கள். எல்லாவற்றையும் செய்தேன். கடைசியில் தெரு முனை டாக்டரே எடையைப் பார்த்துவிட்டு முகம் மாறி, குடல் நோய்க்கான சிறப்பு மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பார்த்த நாளிலிருந்து பயத்துக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை, எல்லோரும் அதைத்தான் நினைத்தோம்.

அந்த ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் நாற்காலிகள் பத்து வரிசை. கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்து வரிசை மட்டும் காலையிலேயே நிரம்பிவிடும். முதலில் எனக்குப் புரியவில்லை. இரண்டாவது முறை போனபோது நானும் முன்கூட்டியே போய் அங்கேதான் இடம் பிடித்தேன். பக்கத்தில் மேலூரிலிருந்து வந்த ஒரு ஜவுளிக்கடைக்காரர். "நீங்க எம்புட்டு நாளா" என்று கேட்டார். "ஒரு வருஷம் ஆகப் போகுதுண்ணே" என்றேன். "நான் ஆறு" என்றார். அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

டாக்டர் ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், சிரிக்காமல் பேசுவார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். ரத்தம் போகிறதா, காய்ச்சல் உண்டா, வீட்டில் யாருக்காவது குடலில் கட்டி வந்திருக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "எடை குறைஞ்சதுதான் எனக்கு இடிக்குது" என்றார். "சரியா சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன் டாக்டர்."

இந்த ஒரு பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் கொலோனோஸ்கோப்பி இல்லாமலேகூட முடிந்திருக்கலாம். அது வேறொன்றும் இல்லை, நுனியில் சின்னக் கேமரா உள்ள வளைகிற குழாயைப் பின்பக்கமாக விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கிற பரிசோதனை. அதற்கு முதல் நாளே குடலைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். ஒரு பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளர் என்று குடிக்கச் சொல்வார்கள். உப்பும் எலுமிச்சையும் கலந்த கொழகொழ ருசி. நான் மெலிந்துபோயிருந்ததால் வீட்டில் வைத்துக் குடிக்க வேண்டாம், திங்கட்கிழமை காலையில் அட்மிட் ஆகிவிடுங்கள் என்றார்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் காரியம் கெட்டது.

எங்கள் சபையில் ஆராதனை முடிவில் ஜெபக்குறிப்பு சொல்வது வழக்கம். உடம்பு சரியில்லாதவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், பெண்ணுக்கு வரன் தேடுகிறவர்கள், யாராக இருந்தாலும் எழுந்து நின்று சொன்னால் ஒருவர் பட்டியலாக எழுதிக்கொள்வார். வாரம் முழுவதும் அந்தப் பட்டியலை வைத்து வீடுதோறும் ஜெபிப்பார்கள். கிரேஸ் எழுந்தாள். நான் வழக்கம்போல் கதவோரம் கடைசி பெஞ்சில் இருந்தேன், அங்கிருந்து கையைக்கூட ஆட்ட முடியவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு வயித்துல ஒரு பாடு இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு நாளான்னிக்குக் கேமரா விட்டுப் பாக்கப் போறாங்க. எல்லாரும் பாரத்தோட ஜெபிச்சுக்கோங்க" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அவள் சொன்னது அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் சபையார் பேச்சில் என் வயிற்றில் ஒரு கட்டி முளைத்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் அது எலுமிச்சம்பழ அளவு.

எனக்குக் கிடைத்தது இரண்டாம் மாடியில் இரண்டு கட்டில் போட்ட அறை. இன்னொரு கட்டில் காலி. கழிப்பறை அறைக்குள்ளேயே இருந்தது, அதைப் பார்த்ததும் பாதி நிம்மதி. மத்தியானம் பொடியைக் கரைத்துக் கொடுத்தார்கள். மகள் பெனிட்டா பிளஸ் ஒன் படிக்கிறவள், லீவு போட்டுவிட்டு வந்து, போனில் அலாரம் வைத்துக் கால் மணிக்கு ஒரு டம்ளராக நீட்டினாள். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிங்கப்பா. எனக்கு விளக்கெண்ணெய் குடுத்தப்ப நீங்க அப்படித்தான் சொன்னீங்க" என்றாள். ஆறாவது டம்ளருக்குள் வேலை ஆரம்பித்துவிட்டது. ஆரம்பித்தால் குழாயைத் திறந்துவிட்ட மாதிரிதான், நிறுத்தவோ பொறுக்கவோ முடியாது.

சரியாக அந்த நேரத்தில் பார்வையாளர் நேரம் வந்தது. சபையிலிருந்து ஏழு பேர். முன்னால் வந்தவர் தனராஜ் ஐயா, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், சபையில் நீண்ட ஜெபத்துக்குப் பெயர் போனவர். ஆப்பிள், ஹார்லிக்ஸ், இளநீர். நான் அன்றைக்கு அதில் ஒன்றையும் தொடக்கூடாது என்று யாருக்கும் தெரியவில்லை. கட்டிலைச் சுற்றி நின்றார்கள். வேதம் வாசித்தார்கள். "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார் தனராஜ் ஐயா.

அவர் உலக சமாதானத்தில் ஆரம்பித்தார். அப்புறம் தேசத்தின் தலைவர்கள். அப்புறம் டாக்டர்களின் கைகள். என் வயிறு கதறிக்கொண்டிருந்தது. என் இடது கையை ஒரு அம்மா பாசமாகப் பிடித்திருந்தார். நான் மெதுவாக விரல் விரலாக உருவினேன். போர்வையை விலக்கி, கட்டிலின் கால்மாட்டில் இறங்கி, இரண்டு பேருக்கு நடுவில் குனிந்து, கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். உள்ளே உட்கார்ந்துகொண்டே கேட்டேன். அந்தக் கட்டியைக் கர்த்தர் கரைக்க வேண்டும் என்று ஐயா அழுது வேண்டினார். ஏழு பேரும் ஆமென் சொன்னார்கள். அப்புறம் நெடுநேரம் சத்தமே இல்லை. காலியாகக் கிடந்த என் கட்டிலைப் பார்த்திருப்பார்கள்.

கடைசியில் பெனிட்டாவின் குரல். "அப்பா உள்ள இருக்காங்க அங்கிள். மருந்து குடிச்சிருக்காங்க."

நான் வெளியே வரவில்லை. அவர்கள் போகும்வரை உள்ளேயே இருந்தேன். சிரிப்பு வரவில்லை எனக்கு. இத்தனை பேர் எனக்காக அழுகிறார்கள், நான் அவர்களுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறேன் என்று அவமானமாக இருந்தது.

மறுநாள் பரிசோதனை. கையில் ஊசி போட்டார்கள், கண்ணைச் சொருகியது, எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உடம்பில் உப்புச்சத்து குறைந்திருந்ததால் டிரிப்ஸ் ஏற்றி இன்னும் ஒரு நாள் வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் டாக்டர் வந்தார். கிரேஸ் எழுந்து நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"குடல் சுத்தமா இருக்கு. கட்டி இல்ல, புண் இல்ல. எடுத்த சதைத் துணுக்கோட முடிவும் வரட்டும், ஆனா நான் கவலைப்படல."

கிரேஸ் அழுதுவிட்டாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா டாக்டர்? இத்தனை மாசமா நான் நடிக்கிறேனா?"

டாக்டர் காலிக் கட்டிலில் உட்கார்ந்தார். "கட்டி இல்லன்னுதான் சொன்னேன். கஷ்டம் இல்லன்னு சொல்லல. குடல்லயும் நிறைய நரம்பு இருக்கு. மூளைக்கும் அதுக்கும் சதா பேச்சுவார்த்தை நடக்கும். பயம் வந்தா மூளை சொல்லும், குடல் வேகமா ஓடும். குடல் முறுக்குனா அது மூளைக்குச் சொல்லும், பயம் இன்னும் ஏறும். உங்களுக்கு அந்தப் பேச்சு ரொம்ப சத்தமா நடக்குது. அம்புட்டுத்தான்." கடைசி வார்த்தையில் அவரும் மதுரைக்காரர் என்று தெரிந்தது. "சரி, இப்பச் சொல்லுங்க. நெசமாவே சாப்பிடுறீங்களா?"

கிரேஸ் சொன்னாள். "இல்ல டாக்டர். காலைல இட்லிய நான்தான் ஆபீசுக்குக் கொண்டுபோறேன்."

குடல் முறுக்கைத் தணிக்க ஒரு மாத்திரை, குடல் நரம்புகளைச் சாந்தப்படுத்த இரவில் குறைந்த அளவில் ஒரு மாத்திரை. காபி குறைக்க வேண்டும், மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். அதோடு கீழ்த்தளத்தில் இருந்த மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். அந்த அறைக்கு முன்னால் உட்காரவே எனக்குக் கூசியது. தெரிந்தவர் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று பேப்பரை முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டேன். அது நேற்றைய பேப்பர்.

ஆலோசகர் சின்ன வயதுப் பெண், என் பழைய மாணவிகள் வயது. மூச்சை வயிற்றுவரை இழுத்து மெதுவாக விடக் கற்றுத் தந்தார். எங்கே, எத்தனை மணிக்கு வருகிறது என்று இரண்டு வாரம் எழுதி வரச் சொன்னார். எழுதிக் கொண்டுபோனேன், அட்டவணை போட்டு, கோடு கிழித்து. அவர் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்.

"சார், கோயில்ல கடைசி பெஞ்சில உட்கார்ந்தா வருதா?"

"கொஞ்சம் பரவாயில்ல."

"முருகேசன் சார் பைக்ல போனா?"

"வராது. எங்க நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவான்."

"அப்ப வயிறு பஸ்ஸுக்குப் பயப்படல. எழுந்து போக முடியாத இடத்துக்குத்தான் பயப்படுது. சரியா?"

கரும்பலகையில் நானே எழுதி வைத்துவிட்டு மறந்துபோன விடையை ஒரு பிள்ளை வாசித்துக் காட்டிய மாதிரி இருந்தது. அவர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். எங்கே போனாலும் அங்கே இருக்கிற ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: எனக்கு வயிறு சரியில்லை, நடுவில் எழுந்து போய்விட்டு வருவேன். சொல்லிவிட்டால் அது எழுந்து போகக்கூடிய இடமாகிவிடும். கேட்க எளிதாக இருந்தது. மூன்று மாசம் ஆகியும் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. சதைத் துணுக்கின் முடிவும் நல்லபடியாக வந்தது, மாத்திரை வேலை செய்தது, மத்தியானம் தயிர்ச்சோறு சாப்பிட ஆரம்பித்தேன், இரண்டு கிலோ ஏறினேன். ஆனால் காலை இட்லி மட்டும் கிரேஸின் டப்பாவுக்குத்தான் போனது. ஒவ்வொரு வாரமும் வீட்டுப்பாடம் செய்யாத மாணவனாகத்தான் போய் நின்றேன்.

அதற்குள் இந்த வருஷத் தேர்வு வந்துவிட்டது. குலுக்கலில் எனக்குத் திருவாதவூர் விழுந்தது. திருநகரிலிருந்து பெரியார், அங்கிருந்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து ஒத்தக்கடை வழியாக இன்னொரு பஸ். வழியெல்லாம் வயல்கள், எனக்குத் தெரிந்த ஒரு கழிப்பறை கிடையாது. அதன் முடிவில் மூன்றே கால் மணி நேரம் ஓர் அறை.

உத்தரவை வாங்கி ஊர்ப் பெயரையே இரண்டு தடவை படித்ததைத் தலைமையாசிரியர் பார்த்துவிட்டார். அவரும் எங்கள் சபைதான். "இந்த உடம்போட அங்கெல்லாம் போக வேணாம் சார். அந்தக் கட்டி ரிப்போர்ட்டு ஒண்ணு குடுங்க, நான் விலக்குக் கேட்டு எழுதிவிடுறேன். யாரும் கேள்வி கேக்க மாட்டாய்ங்க" என்றார்.

கட்டி ரிப்போர்ட்டு. சபையார் பேச்சில் இன்னும் என் கட்டி உயிரோடு இருந்தது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அது கரைந்துவிட்டது என்று தனராஜ் ஐயா சொல்லத் தொடங்கியிருந்தார். முழுதாகச் சுகமானதும் நான் முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும், அதாவது எனக்கு நடந்ததைச் சபைக்கு என் வாயால் சொல்லி நன்றி செலுத்த வேண்டும் என்று நாளையும் குறித்திருந்தார். தேர்வு தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு.

வீட்டில் அன்றைக்குப் பெரிய சண்டை.

"நீ ஏன் கிரேஸ் அப்பவே இல்லைன்னு சொல்லல?"

"நான் கட்டின்னு சொல்லவே இல்லைங்க. அவங்களா நினைச்சுக்கிட்டாங்க. வயித்துப்போக்குன்னு அத்தனை பேர் முன்னால எப்படிச் சொல்றது? அப்புறம் ஒவ்வொருத்தரா கையப் பிடிச்சு அழுதாங்க. எனக்கும் யார்கிட்டயாவது அழணும் போல இருந்துச்சு. ஒரு வருஷமா நீங்க எங்கூடப் பேசவே இல்லையே."

அப்புறம் அவளே சொன்னாள். "நல்லா இருக்கேன், எல்லாருக்கும் நன்றின்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துருங்க. பொய்யும் இல்ல, வம்பும் இல்ல." எனக்கும் அதுதான் வசதியாகத் தெரிந்தது. தலைமையாசிரியர் விலக்கு வாங்கிக் கொடுப்பார். அடுத்த வருஷமும் கொடுப்பார். இல்லாத கட்டியை வைத்து ஓய்வு பெறும்வரை காலம் தள்ளிவிடலாம். அப்படி நினைத்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அதற்கப்புறம் நான் எழுந்து போக முடியாத இடம் அந்தப் பொய்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. போதகர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெனிட்டா எனக்காகக் கடைசி பெஞ்சில் பைபிளை வைத்து இடம் பிடித்திருந்தாள், அங்கிருந்து பீடம்வரை நடந்தேன். மைக்கைப் பிடித்ததுமே வயிற்றில் அந்தப் பழைய முறுக்கு.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்காக அழுது ஜெபிச்சீங்க, அதை நான் சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா எனக்குக் கட்டி இல்ல. கரையல. எப்பவுமே இருந்ததில்ல."

தலைமையாசிரியர் இரண்டாவது பெஞ்சில் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு இருக்கிறது பயம். பயந்தா வயிறு கலங்கும். பஸ்ல, வகுப்புல, இங்க உங்க நடுவுல உட்கார்ந்தாக்கூட. ஒரு வருஷமா காலைல சாப்பிடாம, அதை யார்கிட்டயும் சொல்லாம..."

அதற்கு மேல் முடியவில்லை. மேடையில் மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தேன். வியர்த்தது. வாசல் முப்பது பெஞ்சுக்கு அப்பால் இருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதோ போன் வந்த மாதிரி பாக்கெட்டைத் தடவிக்கொண்டு நழுவுவேன். அன்றைக்கு அந்த வீட்டுப்பாடத்தைச் சொன்னேன், மைக்கில், முன்னூறு பேருக்கும் கேட்க.

"எனக்கு இப்ப வயிறு சரியில்ல. போய்ட்டு வாரேன்."

மைக்கை வைத்துவிட்டு நடுவழியே நடந்தேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கழிப்பறை கோயிலுக்குப் பின்னால், சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி. உள்ளே இருக்கும்போது கோயிலுக்குள் பாட்டுச் சத்தம் எழும்பியது. சரி, அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்கள், என் கதை இத்தோடு முடிந்தது, இனி பின்பக்க வாசல் வழியாகவே வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். கையைக் கழுவினேன். கால் என்னவோ கோயில் பக்கம்தான் திரும்பியது.

எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கீர்த்தனை, அதன் கடைசிச் சரணம். நான் வாசலில் தெரிந்ததும் பாட்டு வாத்தியார் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தச் சரணத்தையே மூன்றாவது தடவையாகப் பாடிக்கொண்டிருந்ததாக அப்புறம் பெனிட்டா சொன்னாள். பீடத்துக்குப் பக்கத்தில் தனராஜ் ஐயா நான் வைத்துவிட்டுப் போன மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் என்னைவிடப் பெரியவர், என் கட்டியை அவர்தான் ஊர் முழுக்கக் கரைத்தவர், இப்போது என்ன சொல்வாரோ என்று பயந்தேன். அவர் மைக்கை நீட்டினார்.

"விட்ட இடத்துலருந்து சொல்லுங்க தம்பி. நாங்க எங்கயும் போகல."

சொன்னேன். மறுநாள் திருவாதவூர் போகப் போகிறேன், அதற்கு ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று முடித்தேன். பட்டியல் எழுதுகிறவர் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை மூன்று பஸ் மாறிப் போனேன். இட்லி சாப்பிடவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளர் உறைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவரிடம் அந்த வாக்கியத்தை இரண்டாவது முறையாகச் சொன்னேன். தலையை நிமிர்த்தாமலே, "அப்படியா சார், அப்ப நாலாம் நம்பர் ரூம் எடுத்துக்கோங்க, பாத்ரூம் பக்கத்துல இருக்கு" என்று பட்டியலில் அடித்து மாற்றினார். எண்ணுவதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஒரு வருஷமாக நான் உயிரை விட்டுக்கொண்டிருந்த காரியம் அவருக்கு அரை நிமிஷ வேலை. பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை மாற்று ஆசிரியரைக் கூப்பிட்டேன். திரும்பி வந்தபோது இருபது பிள்ளைகளில் ஒன்றுகூடத் தலை நிமிரவில்லை.

அடுத்த தேர்வு நாள் காலையில் கிரேஸ் வழக்கம்போல் தட்டை வைத்தாள், இரண்டு இட்லி, ஓரமாகச் சட்னி. தன் டிபன் பாக்ஸையும் திறந்து பக்கத்தில் தயாராக வைத்திருந்தாள். நான் உட்கார்ந்தேன். ஒன்றைப் பிட்டுச் சாப்பிட்டேன். வயிறு முறுக்கியது, சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டும் முடிந்து நிமிர்ந்து பார்த்தால் அவள் கையில் காலி டப்பாவோடு அப்படியே நிற்கிறாள்.

"இன்னொண்ணு இருந்தா வை" என்றேன்.